எறும்பு வீடு திரும்புவது கணக்காலா, வரைபடத்தாலா?

பொடிநடை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் எங்கள் ஊர் நூலகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பேச்சு. "விலங்குகள் எப்படி வழி கண்டுபிடிக்கின்றன" என்ற தலைப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். படிக்கப் படிக்க ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன்.

2014 மருத்துவ நோபலை ஒட்டி வந்த கட்டுரைகள் எல்லாம் ஒரே பாட்டைப் பாடுகின்றன: எலியின் மூளைக்குள் வரைபடம் இருக்கிறது, அதுதான் வழிகாட்டுகிறது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துனீசியாவின் உப்புப் படுகைகளில் கேட்டாகிளிஃபிஸ் ஃபோர்ட்டிஸ் என்று ஓர் எறும்பு. இரை தேடிக் கோணல்மாணலாக நூறு மீட்டருக்கு மேலேகூட அலையும். செத்த பூச்சி ஒன்று கிடைத்ததும் சட்டென்று திரும்பி, புற்றை நோக்கி நேர்க்கோட்டில் ஓடும். வந்த வழியே திரும்புவதில்லை. தொடர்ந்து போக வாசனைத் தடமும் கிடையாது.

2006இல் விட்லிங்கர், வேனர், வோல்ஃப் மூவரும் செய்த சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். புற்றிலிருந்து 10 மீட்டர் தள்ளி இரை வைத்தார்கள். இரைக்கு வந்த எறும்புகளைப் பிடித்து, சிலவற்றின் கால்களில் பன்றி முடியை ஒட்டிப் பொய்க்கால் கட்டினார்கள். சிலவற்றின் கால்களைப் பாதியில் வெட்டினார்கள் (பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று தனிக்கவலை). பொய்க்கால் எறும்புகள் சராசரியாக 15.3 மீட்டர் ஓடிப்போய்ப் புற்றைத் தேடின. கால் குட்டையானவை 5.75 மீட்டரிலேயே தேடத் தொடங்கின. அதே கால்களோடு புற்றிலிருந்து புறப்பட்டுப் போய்வரவிட்டால் இரண்டு கூட்டமும் தூரத்தைச் சரியாகவே அளந்தன. ஆக, அடிகளை எண்ணுகிறது.

என் கேள்வி இதுதான். எண்ணிக்கையும் திசையும் மட்டும் போதுமென்றால் எலிக்கு எதற்கு வரைபடம்? அல்லது எலியின் "வரைபடம்" என்பதும் இதே கணக்குதானா, பெயர் மட்டும் பெரிதா?

---

உப்பளத்தான்

நல்ல கேள்வி. பூச்சிப் பக்கத்தை நான் சொல்கிறேன், எலிப் பக்கத்துக்கு ஆள் வருவார்கள்.

எறும்பு செய்வதை இந்த இழைக்காக "வழிக்கணக்கு" என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் அடியிலும் எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று கூட்டிக்கொண்டே வருவது. எந்த நொடியில் நிறுத்திக் கேட்டாலும் "புற்று அந்தப் பக்கம், இவ்வளவு தூரம்" என்ற ஒரே ஒரு விடை கையில் இருக்கும். வழியில் என்ன பார்த்தோம், எங்கே வளைந்தோம் என்று எதையும் வைத்திருக்கத் தேவையில்லை.

திசைக்குச் சூரியன். இதைக் கண்டுபிடித்தவர் துனீசியாவின் கைரவானில் மருத்துவராக இருந்த ஃபெலிக்ஸ் சான்ட்ஷி. 1911இல் எறும்புக்கு நேர்ச் சூரியனை மறைத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து கண்ணாடியால் வெயிலைக் காட்டினார். எறும்பு திரும்பி எதிர்த்திசையில் நடந்தது. கண்ணாடி ஒன்றே செலவு! பின்னால் வந்த ரூடிகர் வேனர் பல பத்தாண்டுகள் அதே நாட்டில் உட்கார்ந்து, சூரியன் மறைந்திருந்தாலும் வானத்து ஒளியின் முனைவாக்கத்தை (ஒளியலைகள் ஒரே தளத்தில் அதிர்வதை) எறும்பு படிக்கிறது, அதற்கென்றே கூட்டுக்கண்ணின் மேல் விளிம்பில் தனிப் பகுதி இருக்கிறது என்று காட்டினார்.

இப்போது முக்கியமான சோதனை. இரையிடம் எறும்பைப் பிடித்து, வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய் விடுங்கள். அது புற்றிருக்கும் பக்கம் திரும்பாது. பிடித்த இடத்திலிருந்து எந்தத் திசையில் எவ்வளவு தூரம் போயிருக்க வேண்டுமோ, அதே திசையில் அதே தூரம் போகும். போய் நின்று, அங்கே இல்லாத புற்றைச் சுற்றிச் சுற்றித் தேடும். வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். வரைபடம் வைத்திருக்கும் பிராணி இப்படிச் செய்யாது என்பது என் கட்சி.

தூத்துக்குடி உப்பளத்திலாவது பாத்தி வரப்பு இருக்கும், கண்ணுக்குப் பிடிமானம். அந்தப் படுகையின் நடுவில் ஒன்றும் கிடையாது. அதனால் அங்கே வாழும் எறும்புகள் புற்று வாயிலில் உயரமாக மேடு கட்டுகின்றன. மேட்டை எடுத்துவிட்டால் மறுபடி கட்டுகின்றன. பக்கத்தில் செயற்கையாக ஓர் அடையாளம் நட்டுவிட்டால் கட்டுவதைக் குறைத்துக்கொள்கின்றன. 2023இல் வந்த ஆய்வு. வழிக்கணக்கில் பிழை சேர்ந்துகொண்டே போகும், கடைசி மீட்டரில் கண்ணுக்கு ஏதாவது வேண்டும் என்பதைத்தான் இது காட்டுகிறது.

---

கீழக்குயில்குடி

உப்பளத்தான் அண்ணே, ஒரு சந்தேகம். சூரியன் ஒரே இடத்துல நிக்கறதில்லையே. காலைல கெழக்க வச்சுக் கணக்குப் போட்டா மத்தியானம் எங்கிட்டுப் போகும்?

---

உப்பளத்தான்

அதனால்தான் உடம்புக்குள் கடிகாரம் வேண்டும். நேரம் தெரிந்தால் சூரியன் எவ்வளவு நகர்ந்திருக்கும் என்று கழித்துக்கொள்ளலாம். எறும்பு, தேனீ, புறா மூன்றுக்கும் இது உண்டு. உள்கடிகாரத்தைச் சில மணி நேரம் தள்ளிவைத்த புறாவை வெயிலில் விட்டால், அதற்கேற்ற கோணத்தில் தவறான திசையில் புறப்படும். கடிகார விஷயம் உங்கள் ஊர்ச் சரக்குதானே?

---

கீழக்குயில்குடி

ஆமாண்ணே! மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துல சந்திரசேகரன், மாரிமுத்து எல்லாரும் எங்கூருச் சமணர் மலைக் குகை வவ்வால வச்சுத்தான் உள்கடிகாரத்தப் பத்தி எழுதுனாங்க. வெளிச்சமே படாத குகைக்குள்ள இருந்தாலும் கூட்டத்தோட இருக்குற வவ்வாலு நேரத்துக்குக் கெளம்பும்னு. வவ்வாலு எப்படி வழி கண்டுபிடிக்குதுங்கறதுக்கு அப்புறமா வாரேன்.

---

மின்முனை

எலிப் பக்கத்து ஆள் வந்துவிட்டேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எப்படிப் பார்க்கிறோம் என்பது. தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளை எலியின் மூளையில் பதித்து, அது ஓடியாடித் திரியும்போதே தனித்தனி நியூரான்களின் (நரம்புச் செல்களின்) துடிப்பைப் பதிவு செய்வோம். துடிப்பை ஒலிபெருக்கியில் கேட்டால் "டிக், டிக்" என்று வரும். 1971இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஜான் ஓ'கீஃப், ஜொனாதன் டாஸ்ட்ரோவ்ஸ்கி இருவரும் ஹிப்போகாம்பஸில் (நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதி) கண்டது: ஒரு செல் எலி குறிப்பிட்ட மூலைக்கு வந்தால் மட்டும் துடிக்கிறது, பக்கத்துச் செல் வேறோர் இடத்தில். இவைதான் இடச் செல்கள்.

"வரைபடம்" என்றதும் ஒரு தாளை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். தரையில் அடுத்தடுத்த இரண்டு இடங்களைக் குறிக்கும் செல்கள் மூளைத் திசுவில் அடுத்தடுத்து இருப்பதில்லை, எங்கெங்கோ சிதறிக் கிடக்கும். அது மட்டுமா? எலியை வேறோர் அறைக்கு மாற்றினால் எல்லாம் கலைந்து புதிதாக அடுக்கப்படும். இங்கே பக்கத்துப் பக்கத்து இடங்களைக் குறித்த இரண்டு செல்கள் அங்கே தூரதூரமாகப் போகலாம், ஒன்று பேசாமலேகூட இருந்துவிடலாம். ஆயினும் பழைய அறைக்குத் திரும்பினால் பழைய அடுக்கு அப்படியே வரும்.

அடுத்து 1984. ஜேம்ஸ் ரேங்க் தலைத்திசைச் செல்களைக் கண்டார். எலி எங்கே நின்றாலும் கவலையில்லை, தலை ஒரு குறிப்பிட்ட திசையைப் பார்த்தால் துடிக்கும். காந்த முள் என்று நினைக்க வேண்டாம். சுவரில் மாட்டிய அட்டையை நகர்த்தினால் இந்தத் திசையும் கூடவே நகரும். விளக்கை அணைத்தாலும் உள்காதின் சமநிலை உணர்வை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும்.

பிறகு 2005. நார்வேயின் ட்ரான்ட்ஹைமில் மோசர் தம்பதியின் குழு ஹிப்போகாம்பஸுக்குத் தகவல் அனுப்பும் எண்டோரைனல் கார்டெக்ஸில் கம்பி வைத்தது. அங்கே ஒரே செல் பல இடங்களில் துடித்தது. எலி ஓடும் பரப்பைப் பெரிதாக்கியபோதுதான் ஒழுங்கு பிடிபட்டது: துடித்த புள்ளிகளைச் சேர்த்தால் சமபக்க முக்கோணங்கள், தரை முழுக்க அறுகோண வலை. கிரிட் செல்கள். எண்டோரைனலின் மேல்முனையில் புள்ளிகளுக்கிடையே சுமார் 30 செ.மீ., கீழே போகப் போக மீட்டர் கணக்கில். இந்த வளர்ச்சியும் படிப்படியாகத் தாவுகிறது, ஒவ்வொரு படியும் முந்தியதைவிடச் சுமார் 1.4 மடங்கு. தரையில் அறுகோணம் எதுவும் வரைந்திருக்கவில்லை, எலியே போட்டுக்கொண்டது. முதல்முறை அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, இன்னும் அது தீரவில்லை.

பொடிநடையின் கேள்விக்கு: கிரிட் செல்களைப் பெரும்பாலோர் எலியின் வழிக்கணக்கு இயந்திரமாகத்தான் பார்க்கிறார்கள். ஆக எறும்பின் கணக்கு எலிக்குள்ளும் இருக்கிறது. அதற்கு மேலே இன்னொரு மாடி இருக்கிறதா என்பதுதான் சண்டை.

---

வடமராட்சியான்

லண்டனில இருந்து எழுதுறன். ஓ'கீஃப் இருந்த அதே யூனிவர்சிட்டி காலேஜில தான் எலினர் மக்வயர் எண்ட அம்மா டாக்சிக்காரரிண்ட மூளையை ஸ்கான் பண்ணினவா. 2000ஆம் ஆண்டு. கறுப்பு டாக்சி ஓடுறதெண்டால் "த நாலெட்ஜ்" எண்ட சோதினை பாஸ் பண்ண வேணும். லண்டன் நடுவில இருக்கிற சாரிங் கிராஸைச் சுத்தி ஆறு மைலுக்குள்ள கிட்டத்தட்ட 25,000 தெரு, புத்தகத்தில 320 பாதை. என்ர ஒண்டவிட்ட தம்பி இதைப் படிச்சவன். ஸ்கூட்டருக்கு முன்னால அட்டை ஒண்டைக் கட்டிக்கொண்டு மழைக்குள்ள வருசக்கணக்காத் திரிஞ்சான். இரவு படுக்கேக்க வாய் தெரு தெருவாச் சொல்லிக்கொண்டிருக்கும்.

அந்த ஆய்வில டாக்சிக்காரருக்கு ஹிப்போகாம்பஸிண்ட பின்பக்கம் மற்றவையைவிடப் பெருசு, முன்பக்கம் சின்னன். "பிறப்பிலேயே பெருசா இருந்த ஆக்கள்தான் இந்தத் தொழிலுக்கு வருகினம்" எண்டு சிலர் சொல்லிச்சினம். அதுக்கு 2011இல பதில் வந்தது: படிக்கத் தொடங்கேக்க ஒருக்கா, முடிய ஒருக்கா ஸ்கான் எடுத்தவை. 79 பேரில 39 பேர் பாஸ். பாஸ் பண்ணின ஆக்களுக்குத் தான் பின்பக்கம் வளந்திருந்தது. தொடங்கேக்க எல்லாருக்கும் ஒரே அளவு.

பஸ் ஓட்டுற ஆக்களையும் பாத்தவை. ஒரே பாதையில போய் வாற ஆளுக்கு அந்த வளர்ச்சி இல்லை. எனக்கு இதுதான் பெரிய விசயமாப் படுது. ரெண்டு பேரும் நாள் முழுக்க அதே நகரத்தில தான் ஓடுகினம், ஆனால் டாக்சிக்காரன் எந்தத் தெருவில இருந்தும் எந்தத் தெருவுக்கும் புதுசா வழி போட வேணும்.

இன்னொண்டு, இதை ஒருத்தரும் சொல்றேல்லை: டாக்சிக்காரருக்குச் சில ஞாபகச் சோதினைகளில புள்ளி குறைவு. ஒரு சிக்கலான கோட்டுப்படத்தைப் பாத்திட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சு வரையச் சொன்னால் மற்றவை நல்லாச் செய்வினம், இவை தடுமாறுவினம். சும்மா கிடைக்கிற வளர்ச்சி இல்லை.

---

பொடிநடை

வடமராட்சியான் அண்ணா, பஸ் ஓட்டுநர் விஷயம் என் கேள்வியையே தெளிவாக்கிவிட்டது. நன்றி! அப்படியானால் "வரைபடம்" என்று சொல்ல அடையாளம், இதுவரை போகாத புது வழியைப் போடுவதா? எலி அதைச் செய்கிறதா?

---

மின்முனை

அந்தக் கேள்வியை முதலில் எழுப்பியவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த எட்வர்ட் டோல்மன். 1948இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் "அறிவு வரைபடம்" என்ற கருத்தே வருகிறது. அதற்கு முன்னால் எலி என்றால் "இங்கே இடது, அங்கே வலது" என்று பழக்கத்தில் ஓடும் பிராணி என்றுதான் உளவியலாளர்கள் நினைத்தார்கள். 1930இல் டோல்மனும் ஹோன்சிக்கும் சில எலிகளைப் பத்து நாள் இரையே வைக்காமல் சிக்கல் பாதையில் திரியவிட்டார்கள். பதினோராம் நாள் இரை வைத்தார்கள். அடுத்த நாளே அவை, முதலிலிருந்து இரை கொடுத்துப் பழக்கிய எலிகளுக்குச் சமமாக ஓடின. சும்மா சுற்றியபோதே கற்றுக்கொண்டுதான் இருந்திருக்கின்றன.

அவருடைய இன்னொரு சோதனைதான் பாடப்புத்தகத்தில் வருவது: வளைந்து போகும் பழைய பாதையை அடைத்து, சூரியக் கதிர்போல் பல புதுப் பாதைகளைத் திறந்துவிட்டால், பல எலிகள் இரை இருந்த பக்கமாகப் போகும் பாதையைத் தேர்ந்தன. அதிலே ஒரு ஓட்டை: இரைப் பக்கத்தில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது! எலி விளக்கைப் பார்த்துப் போயிருக்கலாமே. பிள்ளைகளிடம் இந்தச் சோதனையைச் சொல்வதானால் விளக்கையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

என்னை நம்பவைத்தது வேறு. எலி ஓடி முடித்துத் தூங்கும்போது, ஓடிய பாதையின் இடச் செல்கள் அதே வரிசையில், பல மடங்கு வேகமாக மறுபடி துடிக்கின்றன. 1994இல் வில்சனும் மெக்நாட்டனும் இந்த மறு ஓட்டத்துக்கு முதல் தடயம் கொடுத்தார்கள். 2013இல் ஃபைஃபரும் ஃபாஸ்டரும் இன்னும் ஒரு படி போனார்கள். திறந்த பரப்பில் எலி நின்று யோசிக்கும் அந்தச் சிறு இடைவேளையில், நிற்கும் இடத்திலிருந்து போகவேண்டிய இடம்வரை இடச் செல்கள் வரிசையாகத் துடிக்கின்றன. பிறகு எலி அந்த வழியே போகிறது. அந்தத் தொடக்கமும் முடிவும் சேர்ந்த இணை அதற்குப் புதிதாக இருந்தாலும் இது நடந்தது. உப்பளத்தான் சொன்ன எறும்பின் கையில் ஒரே ஒரு அம்புக்குறிதான் இருக்கிறது. எலி நடக்காத நடையை மண்டைக்குள் நடந்து பார்க்கிறது. மாடி இருக்கிறது என்பது என் பக்கம்.

---

தேன்கூடு

மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவன். உப்பளத்தான் பூச்சி எல்லாத்தையும் ஒரே அம்புக்குறியில் அடக்கிவிட்டார், ஒத்துக்கொள்ள முடியாது.

எங்கள் தொழிலில் ஒரு பாலபாடம். ரப்பர்த் தோட்டத்துக்குப் பெட்டி மாற்றுவது ராத்திரியில், வாசலை அடைத்து. பக்கத்துத் தோட்டத்துக்கு மட்டும் மாற்றினால் காலையில் வெளியே போகும் ஈக்கள் பழைய இடத்துக்கே திரும்பிப் போய், இல்லாத பெட்டியைச் சுற்றும். அதனால் ஒன்று, தினம் கொஞ்சம் கொஞ்சமாய் நகர்த்த வேண்டும். இல்லையென்றால் அவை பறந்து பழகிய எல்லைக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். வெளியே கொண்டுபோனால் என்ன செய்யும்? வாசலில் வந்து பெட்டியைப் பார்த்தபடியே முன்னும் பின்னும் ஆடிப் பறந்து, வட்டத்தைப் பெரிதாக்கிப் புது இடத்தைப் படிக்கும். ஆக அதற்கு "இது தெரிந்த ஊர், இது தெரியாத ஊர்" என்ற பேதம் இருக்கிறது. ஒரே அம்புக்குறி வைத்திருந்தால் எப்படி?

ஜெர்மனியில் ரான்டால்ஃப் மென்சல் குழு 2005இல் தேனீ முதுகில் சின்ன ஆன்டெனா ஒட்டி ரேடாரில் பார்த்தார்கள். இரையிடம் பிடித்து வேறிடத்தில் விட்ட தேனீ முதலில் எறும்பு மாதிரியே தப்பான திசையில் பறந்தது. பிறகு அலைந்தது. அதற்குப் பிறகு, எந்தப் பக்கத்திலிருந்தும் நேராகக் கூட்டுக்குத் திரும்பியது. சில தேனீ இரை இருந்த இடம் வழியாகச் சுற்றியும் வந்தது. இது வரைபடம் இல்லை என்றால் எது?

---

உப்பளத்தான்

"தெரிந்த ஊர்" என்பதற்கு வரைபடம் வேண்டாம். கூட்டைச் சுற்றிப் பறந்தபோது கண்ட தொடுவானத்தின் வடிவம், மர உச்சிகளின் ஏற்ற இறக்கம், இதெல்லாம் நினைவிருந்தால் போதும். நினைவில் உள்ள காட்சியோடு இப்போதைய காட்சி எந்தப் பக்கம் நகர்ந்தால் அதிகம் பொருந்துகிறதோ அந்தப் பக்கம் நகரு, அவ்வளவுதான். பூச்சியின் மூளையில் காளான் வடிவப் பகுதிகள் என்று இரண்டு உண்டு, இந்தக் காட்சி நினைவு அங்கேதான். ஆஸ்திரேலியாவின் புதர்க்காட்டு எறும்பு மெலோஃபோரஸ் இப்படித்தான் போகிறது: தனக்கென ஒரு பாதை, அதன் காட்சிகள். 2011இல் குரூசேவும் வேனரும் வரைபடமே இல்லாத ஒரு கணினி மாதிரியைக் கட்டி, வரைபடத்தின் வேலை என்று சொல்லப்பட்டவற்றை அதால் செய்துகாட்டினார்கள்.

தேனீ வளர்க்கிறவர்கள் தேனீயைக் கொஞ்சம் அதிகமாகவே நம்புவார்கள், தெரிந்த விஷயம்.

---

தேன்கூடு

உப்பு அள்ளுகிறவர்களுக்கு எல்லா நிலமும் மொட்டையாகத்தான் தெரியும், அதுவும் தெரிந்த விஷயம்.

2014இல் மென்சலும் சேர்ந்திருந்த ஒரு குழு தேனீக்களுக்கு ஆறு மணி நேரம் மயக்க மருந்து கொடுத்து உள்கடிகாரத்தைத் தள்ளிவிட்டது. எழுந்த தேனீ சூரியனைத் தப்பாகப் படித்துத் தப்பான பக்கம் பறந்தது. ஆனாலும் கடைசியில் மற்றவற்றைப் போலவே கூடு சேர்ந்தது. சூரியக் கணக்குப் பிசகினாலும் வீடு தெரிகிறது.

---

உப்பளத்தான்

அதற்கும் தொடுவானக் காட்சி போதும் என்று மறுப்பு அதே ஆண்டில் அதே இதழில் வந்தாயிற்று. இன்னும் முடியாத வழக்கு.

---

மட்டுறுத்துநர்

உப்பும் தேனும் தனிமடலில் கலந்துகொள்ளவும். இழை தொடரட்டும்.

---

கீழக்குயில்குடி

வவ்வாலுக்கு வாரேன்னு சொல்லிருந்தேன். மின்முனை சார் சொன்ன அறுகோணம் எனக்கு ரொம்ப நாளா உறுத்துது. எலி ஓடுறது தரையில. பறக்குற பிராணிக்கு?

இஸ்ரேல் வைஸ்மன் நிறுவனத்துல நாஹும் உலனோவ்ஸ்கி குழு எகிப்து பழவவ்வால் தலையில கம்பியில்லாக் கருவி மாட்டிப் பறக்கவிட்டுப் பாத்தாங்க. எங்கூருப் பக்கம் குகையில தொங்குற ரூசெட்டஸ் வவ்வாலுக்குப் பங்காளி அது. 2013ல இடச் செல்லு முப்பரிமாணத்துல, காத்துல ஒரு உருண்டை மாதிரி எடத்துல துடிக்கறதக் கண்டாங்க. சரின்னு கிரிட் செல்லப் பாத்தா, 2021ல வந்த முடிவு: தரையில ஊர்ந்தா அறுகோணம் வருது, பறந்தா வரல! பக்கத்துப் பக்கத்துப் புள்ளிக்கு நடுவுல தூரம் மட்டும் ஏறக்குறைய ஒரே அளவுல இருக்கு, ஆனா மொத்தமாப் பாத்தா வலை இல்ல.

அதே வருசம் 200 மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் மாதிரி ஒன்னு கட்டி அதுல பறக்கவிட்டாங்க. சின்ன அறைக்குள்ள ஒரு இடச் செல்லுக்கு ஒரு எடம்னு படிச்சோமே, இங்க ஒரே செல்லு பல எடத்துல துடிக்குது. ஒரு எடம் குட்டி, இன்னொன்னு நீளம், ஒரே செல்லுக்குள்ளயே இருபது மடங்கு வரைக்கும் வித்தியாசம். சின்னப் பெட்டிக்குள்ள எலிய ஓடவிட்டுப் பாத்ததெல்லாம் பெட்டிக்குத்தான் பொருந்துமோன்னு தோணுது. நெசத்துல ராத்திரி பல கிலோமீட்டர் போயி அதே அத்திமரத்துல எறங்குற பிராணி இது.

---

மின்முனை

கீழக்குயில்குடி சொன்னது இந்தத் துறைக்கே தலைவலி. அறுகோணம்தான் அளவுகோல் என்று கட்டிய கோட்பாடுகள் பறக்கும் வவ்வாலிடம் தடுமாறுகின்றன. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. எலிக்குட்டி முதன்முதலில் கூட்டைவிட்டு வெளியே வரும் நாட்களிலேயே தலைத்திசைச் செல்கள் தயார், இடச் செல்களும் இருக்கின்றன. அறுகோண வலை நிலைபெறுவது அதற்கும் பிறகுதான். 2010இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டது. ஆக "கிரிட் செல் கூடித்தான் இடச் செல்லை உண்டாக்குகிறது" என்ற எளிய கதை நிற்காது. பேச்சில் அதைச் சொல்லாமல் விட்டால் நல்லது.

---

உப்பளத்தான்

வரைபடச் சண்டையை விட்டுவிட்டு, எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன்.

தலைத்திசைச் செல்கள் எப்படி வேலை செய்யும் என்று 1990களில் கணக்குப் போட்டவர்கள் ஒரு வளையத்தைக் கற்பனை செய்தார்கள். செல்கள் வட்டமாக இணைந்திருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் துடிப்பு இருக்கும், பிராணி திரும்பினால் அந்தத் துடிப்பு வளையத்தில் நகரும். எலி மூளையில் அப்படி ஒரு வளையம் கண்ணுக்குத் தெரிவதில்லை, செல்கள் கலைந்து கிடக்கின்றன.

2015இல் அமெரிக்காவின் ஜெனிலியா ஆய்வகத்தில் யோஹானஸ் சீலிக், விவேக் ஜெயராமன் இருவரும் பழ ஈயைக் காற்றில் மிதக்கும் பந்தின்மேல் நடக்கவிட்டு, அதன் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். மூளையின் நடுவில் உளுந்து வடை மாதிரி ஓர் உறுப்பு. அதில் ஓரிடத்தில் ஒளிர்வு. ஈ திரும்பினால் ஒளிர்வு வடையைச் சுற்றி நகர்கிறது. இருட்டாக்கினாலும் நகர்கிறது, நேரம் போகப் போகக் கொஞ்சம் பிசகுகிறது. தாளில் போட்ட வளையம் பூச்சியின் மண்டைக்குள் உண்மையான வளையமாகவே இருந்திருக்கிறது. இத்தனைக்கும் ஈயின் மூளையில் மொத்தம் சுமார் 1,40,000 நியூரான்கள்தான்.

பொடிநடை, எறும்பு கணக்குப் போடுகிறது என்றால் பிள்ளைகள் "எப்படி?" என்று கேட்பார்கள். அதற்கும் ஈயிடம் பாதிப் பதில் இருக்கிறது. காற்று தள்ளும்போது ஈ பார்க்கும் திசை ஒன்று, உண்மையில் போகும் திசை வேறு. போகும் திசையை எப்படி அறிகிறது? நான்கு கூட்ட நியூரான்கள், ஒவ்வொன்றும் ஓர் அலை வடிவத்தில் துடிக்கின்றன. அலையின் உச்சி எங்கே என்பது திசை, அலையின் உயரம் அளவு. நான்கு அலைகளையும் கூட்டினால் வரும் அலையின் உச்சி, போகும் திசை. பிளஸ் டூ கணக்கில் திசையன் கூட்டல் படித்திருப்பீர்கள், அதுவேதான். 2021 டிசம்பரில் ராக்கஃபெல்லர், ஹார்வர்ட் குழுக்கள் இரண்டும் ஒரே சமயத்தில் வெளியிட்டன.

---

மின்முனை

உங்கள் வடையை எலிப் பக்கமும் கொஞ்சம் தள்ளுங்கள். 2022இல் மோசர் குழு நூற்றுக்கு மேற்பட்ட கிரிட் செல்களை ஒரே நேரத்தில் பதிவு செய்து, அவற்றின் மொத்தத் துடிப்பு எந்த வடிவப் பரப்பில் நகர்கிறது என்று கணித முறையில் பார்த்தது. கிடைத்தது வடையின் மேற்பரப்புதான். எலி தூங்கும்போதும் அதே வடிவம். ஈயிடம் உறுப்பே வடை, எலியிடம் துடிப்பின் கணக்கு வடை.

---

கரையோரம்

சென்னை. ஜனவரியிலிருந்து ராத்திரி கடற்கரையில் ஆமை முட்டை தேடி நடப்பவள். பங்குனி ஆமைக் குஞ்சு பொரித்ததும் வெளிச்சமான, தாழ்வான தொடுவானத்தை நோக்கி ஓடும். இயற்கையில் அது கடல். எங்கள் ஊரில் அது தெருவிளக்கு, அதனால் குஞ்சுகள் ரோட்டுப் பக்கம் போய்விடும். அதைக் கடலுக்குத் திருப்புவதுதான் எங்கள் வேலை. கடலுக்குள் போனபிறகு அதற்கு மூளையில் எந்தச் செல் வழி சொல்கிறது?

---

மின்முனை

செல் அளவில் ஆமையைப் பற்றி அதிகம் தெரியாது. நடத்தை அளவில் நிறையத் தெரியும், பெரும்பாலும் உங்கள் பங்குனி ஆமையிடம் இல்லை, ஃபுளோரிடாவின் லாகர்ஹெட் ஆமையிடம். லோமன் குழு குஞ்சுகளைத் தொட்டியில் நீந்தவிட்டு, சுற்றிலும் கம்பிச்சுருள்களால் அட்லாண்டிக்கின் வெவ்வேறு இடங்களின் காந்தப்புலத்தை உண்டாக்கியது. ஒவ்வொரு புலத்துக்கும் குஞ்சு வெவ்வேறு திசையில் நீந்தியது, சாதகமான நீரோட்டத்தை விட்டு விலகாதபடி. அதுவரை கடலையே காணாத குஞ்சு!

2025இல் இன்னொன்று: ஒரு குறிப்பிட்ட காந்தப்புலத்தில் மட்டும் இரை கொடுத்துப் பழக்கினால், அந்தப் புலம் வந்ததும் ஆமை தலையைத் தூக்கி வாய் திறந்து ஆடுகிறது. இடத்தின் காந்த முகவரியைக் கற்றுக்கொள்கிறது. உள்ளே எந்த உறுப்பு அதைப் படிக்கிறது என்பது திறந்த கேள்வி.

---

நொச்சி

நடுவில் வந்து கேட்பதற்கு மன்னிக்கவும். அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. பேர், பழைய கதை எல்லாம் சரியாகச் சொல்கிறார். ஆனால் முப்பது வருஷமாகப் போகும் கோயிலிலிருந்து திரும்பும்போது இரண்டு முறை தெரு தப்பிவிட்டார். இந்த எண்டோரைனல் விஷயத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

---

மின்முனை

உண்டாக இருக்கலாம், நொச்சி. அல்சைமர் நோயில் புரத முடிச்சுகள் மூளைப் புறணியில் (கார்டெக்ஸில்) முதலில் சேரும் இடங்களில் ஒன்று எண்டோரைனல் கார்டெக்ஸும் அதை ஒட்டிய பகுதியும். அதனால் பழகிய இடத்தில் வழி தப்புவது சிலருக்கு முதல் அறிகுறிகளில் ஒன்றாக வருகிறது. ஆனால் வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மருந்துகளின் பக்கவிளைவு, பார்வைக் குறைவு என்று சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு. இங்கே யாரும் சொல்வதை வைத்து முடிவு செய்யாமல் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எப்படித் தப்பினார் என்று எழுதி எடுத்துப் போங்கள், "ஞாபகமறதி" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

---

வடமராட்சியான்

நொச்சி தங்கச்சி, அம்மாவின்ர பையில விலாசமும் உங்கட போன் நம்பரும் எழுதிப் போட்டு விடுங்கோ. கோயிலுக்குப் போறதை நிப்பாட்டாதேங்கோ, ஆரையும் கூட விடுங்கோ.

---

பொடிநடை

எல்லோருக்கும் நன்றி. பேச்சின் எலும்புக்கூடு இப்படி வைத்திருக்கிறேன்: சான்ட்ஷியின் கண்ணாடி, பொய்க்கால் எறும்பு, ஈயின் வடை, டாக்சி ஓட்டுநரும் பஸ் ஓட்டுநரும், கடைசியில் எலியின் தூக்கம். எறும்பின் காலை வெட்டியதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். பிள்ளைகளை வைத்துச் செய்துபார்க்க ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

---

உப்பளத்தான்

காலை வெட்டியதைச் சொல்லுங்கள், அதைச் சொல்லாவிட்டால் சோதனை பாதிதான்.

செய்துபார்க்க: மைதானத்தில் ஒரு பிள்ளையின் கண்ணைக் கட்டுங்கள். கையைப் பிடித்து ஒரு பக்கம் பத்தடி, திருப்பி இன்னொரு பக்கம் எட்டடி நடத்துங்கள். கையை விட்டுவிட்டு, புறப்பட்ட இடத்துக்கு நேராகப் போகச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் சுண்ணாம்பால் குறி. பல பிள்ளைகளைச் செய்யவிட்டால் குறிகள் எப்படிச் சிதறுகின்றன என்று அவர்களே பார்ப்பார்கள்.

கூடவே இதையும் சொல்லலாம். 2009இல் யான் சோமன் குழு மனிதர்களை ஜெர்மனியின் ஒரு காட்டிலும், துனீசியாவின் தெற்கே சகாராவிலும் "நேராக நட" என்று விட்டது. வெயில் இருந்தபோது ஓரளவு நேராக நடந்தார்கள். மேகமூட்டத்தில் காட்டில் நடந்தவர்கள் வட்டமடித்துத் தங்கள் பாதையையே குறுக்கே கடந்தார்கள், நேராகத்தான் போகிறோம் என்று நம்பிக்கொண்டே. கண்ணைக் கட்டிவிட்டால் வட்டம் 20 மீட்டர் அளவுக்குக்கூடச் சுருங்கியது.

---

தேன்கூடு

வெயில் நேரத்தில் வேண்டாம், முகத்தில் படும் சூட்டை வைத்துத் திசை பிடித்துவிடுவார்கள். மைக் சத்தம், ரோட்டுச் சத்தம் ஒரே பக்கத்திலிருந்து வந்தாலும் அதே கதை. சாயங்காலம் சத்தம் அடங்கியபிறகு செய்யுங்கள். திருப்பும்போது மெதுவாகத் திருப்புங்கள், தலை சுற்றினால் உள்காதின் கணக்கு போச்சு.

இதில் மட்டும் உப்பளத்தான் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். தேனீ விஷயத்தில் இல்லை.